பழம் பறித்த கை

மரத்தில் காய்ப்பதைத் தின்றுகொண்டு, அடுப்பு மூட்டாமல், வெயிலில் உட்கார்ந்தே வாழ்ந்துவிடலாம் என்று நம்பிக் கப்பல் ஏறியவர் ஆகஸ்ட் எங்கல்ஹார்ட். ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரத்துக்காரர். 1875-இல் பிறந்தவர். மருந்துக்கடையில் உதவியாளராக இருந்தவர். 1898-இல் நண்பர் ஆகஸ்ட் பெத்மானுடன் சேர்ந்து ‘கவலையற்ற எதிர்காலம்’ என்று பொருள்படும் தலைப்பில் ஒரு நூல் வெளியிட்டார். குளிர்நாட்டு வாழ்க்கை மனிதருக்கு ஏற்றதல்ல, வெப்பநாட்டுக்குப் போய் ஆடையின்றிப் பழம் தின்று வாழ்வதே இயற்கை என்பது அவர் கொள்கை. பழங்களுக்குள் அவர் தலைமை தந்தது தேங்காய்க்கு. அது சூரியனுக்கு அருகில் உயரத்தில் காய்க்கிறது, மனிதத் தலையைப் போல இருக்கிறது, ஆகவே அதுவே தெய்வ உணவு என்றார்.

1902 செப்டம்பரில் பசிபிக் கடலின் ஜெர்மன் நியூ கினியில் போய் இறங்கினார். இன்று அது பாப்புவா நியூ கினி. அங்கே கபகோன் என்ற சிறு தீவில் இருந்த தென்னை, வாழைத் தோட்டத்தை வாங்கினார். தன் கொள்கைக்குச் சூரிய நெறி என்று பெயர் வைத்து ஐரோப்பாவிலிருந்து ஆட்களை அழைத்தார். வந்தவர்கள் சிலரே. முதலில் வந்த இளைஞர் சில வாரங்களில் இறந்துபோனார். அடுத்து வந்த இசைக்கலைஞர் மறு ஆண்டு இறந்தார். நூலைச் சேர்ந்து எழுதிய பெத்மானும் 1906-இல் அந்தத் தீவுப்பக்கமே இறந்தார். எங்கல்ஹார்ட் ஒரு கட்டத்தில் 40 கிலோ எடைகூட இல்லாமல் மருத்துவமனையில் கிடந்தார். பிழைத்து மீண்டும் தீவுக்கே திரும்பினார். 1919 மே மாதம் அங்கேயே இறந்தார்.

இந்தக் கதையை வேடிக்கைக் கதையாகவே பலரும் எழுதியிருக்கிறார்கள். தேங்காய்ப் பைத்தியம் என்று சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம். நான் நீலகிரியின் குந்தாவில் பிறந்தவள். தேயிலைக் கொழுந்து பறித்த பெண்ணின் மகள். எனக்கு இந்தக் கதையில் சிரிப்பு வரும் இடம் வேறு. கபகோன் ஒரு காடு அல்ல, தோட்டம். அந்தத் தீவில் எங்கல்ஹார்ட் தனியாக இல்லை. ஏறத்தாழ 40 மெலனேசியத் தொழிலாளர்கள் அங்கே இருந்தார்கள். மரம் ஏறியவர்கள், மட்டை உரித்தவர்கள், தேங்காயை உடைத்துக் காயவைத்துக் கொப்பரை ஆக்கியவர்கள் அவர்கள். அவர் சூரியனைப் பார்த்து உட்கார்ந்திருந்த நேரத்தில் அவர்கள் முதுகில் அதே சூரியன் அடித்துக்கொண்டிருந்தது. நான் படித்த எதிலும் அவர்களில் ஒருவர் பெயர்கூட இல்லை.

அவருக்கு அந்தத் தீவை விற்றது ஒரு பெண்ணின் நிறுவனம் என்பதையும் சொல்ல வேண்டும். எம்மா ஃபோர்சைத். 1850-இல் சமோவாவில் பிறந்தவர். தாய் சமோவாக்காரர், தந்தை அமெரிக்கர். அந்தக் கடற்பகுதியில் பெரும் தென்னந்தோட்டங்களுக்கு உரிமையாளர். ‘ராணி எம்மா’ என்று அழைக்கப்பட்டவர். ஆண்கள் மட்டுமே வணிகம் செய்த உலகில் ஒரு கலப்பினப் பெண் இவ்வளவு உயர்ந்தது பெரிய செய்திதான். ஆனால் அவருடைய தோட்டங்களும் தீவுகளிலிருந்து ஆள்பிடித்துக் கொண்டுவந்த கூலிகளின் உழைப்பில்தான் நின்றன. முதலாளி பெண் என்பதால் மட்டை உரிப்பவரின் கை வலி குறைவதில்லை. நம் மலைத் தோட்டங்களில் துரைமார் போய் உள்ளூர் முதலாளிகள் வந்தபோதும் கொழுந்துக் கூடையின் எடை குறையவில்லை.

சமைக்காத உணவு, பழ உணவு என்ற எண்ணத்துக்குள் பெண்ணுக்கு ஒரு வாக்குறுதி இருப்பதை நான் மறுக்கவில்லை. அடுப்பு இல்லையென்றால் புகை இல்லை, விறகு இல்லை, பாத்திரம் இல்லை. விடிகாலை நான்கு மணிக்கு எழுந்து சோறு வடித்துவிட்டு மலை ஏறும் பெண்ணிடம், இனி பழம் போதும் என்று யாராவது சொன்னால் அவள் ஒரு நிமிடமாவது நின்று கேட்பாள். ஐரோப்பாவிலும் பெண்கள் நின்று கேட்டார்கள். 1900-இல் சுவிட்சர்லாந்தின் அஸ்கோனா ஊர்க் குன்றில் மான்டே வெரிட்டா என்ற குடியிருப்பு தொடங்கியது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் ஈடா ஹோஃப்மன். பியானோ ஆசிரியர், பெண்விடுதலை குறித்தும் தாவர உணவு குறித்தும் எழுதியவர். இடுப்பை நெரிக்கும் உள்ளாடையைக் கழற்றியது, சடங்குத் திருமணத்தை மறுத்தது, இறைச்சியை விட்டது எல்லாம் அவருக்கு ஒரே விடுதலையின் பகுதிகள். பின்னாளில் அவர் பிரேசிலுக்குப் போய்ப் புதுக் குடியிருப்புக்கு முயன்று அங்கேயே 1926-இல் இறந்தார். பழம் தின்னும் நாட்டைத் தேடியவர்கள் எல்லோரும் கோமாளிகள் அல்லர். சிலர் வீட்டிலிருந்து தப்பிக்க வழி தேடிய பெண்கள்.

தப்பித்துப் போன இடத்திலும் வீடு எப்படி முளைக்கிறது என்பதை எழுதிவைத்தவர் டோரா ஸ்ட்ராக். பெர்லினில் ஒரு பள்ளி ஆசிரியரின் மனைவி. மல்டிபிள் ஸ்க்லரோசிஸ் என்ற நரம்பு நோயால் கால் பலவீனமானவர். அவருக்கு மருத்துவம் பார்த்த ஃபிரெட்ரிக் ரிட்டருடன் 1929-இல் பசிபிக் கடலின் கலாபகஸ் தீவுகளுக்குப் போனார். ரிட்டரும் மணமானவர். கைவிடப்பட்ட கணவருக்கு வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே! ரிட்டரின் மனைவியையே அதற்கு ஏற்பாடு செய்துவிட்டு இருவரும் கிளம்பினார்கள். புரட்சிக்குப் போகிறவர்களும் சமையலுக்கு ஒரு பெண்ணை ஏற்பாடு செய்துவிட்டுத்தான் போகிறார்கள்.

ஃப்ளோரியானா தீவில் இருவர் பெயரையும் இணைத்து ‘ஃப்ரீடோ’ என்று தோட்டத்துக்குப் பெயர் வைத்தார்கள். பழமும் காய்களும் தின்று, தத்துவம் சிந்தித்து வாழ்வது திட்டம். டோரா பின்னர் ஏதேனுக்குச் சாத்தான் வந்தான் என்று பொருள்படும் தலைப்பில் தன் நினைவுகளை எழுதினார். கால் இழுத்துக்கொண்டு சுமை தூக்கியது, வலியைச் சொன்னால் மனவலிமை இல்லை என்று அந்த ஆண் கடிந்தது, அன்புக்காக ஏங்கியது எல்லாம் அதில் இருக்கின்றன. 1934 நவம்பரில் ரிட்டர் இறந்தார். காரணம் கெட்டுப்போன கோழி இறைச்சி. தாவர உணவின் தத்துவவாதி கோழி தின்று இறந்தார். டோரா ஜெர்மனிக்குத் திரும்பி 1943-இல் இறந்தார்.

அதே தீவுக்கு 1932-இல் வந்தவர் மார்கிரட் விட்மர். வரும்போது கர்ப்பிணி. குகை வீட்டில் தங்கி, அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் அந்தத் தீவிலேயே மகனைப் பெற்றார். அவருக்குத் தத்துவம் எதுவும் இல்லை. தோட்டம் போட்டார், சமைத்தார், பிள்ளை வளர்த்தார். 2000-ஆம் ஆண்டுவரை அங்கேயே வாழ்ந்தார். சொர்க்கத்தைத் தேடிப் போனவர்கள் போய்விட, அடுப்பு மூட்டியவர் தங்கினார்.

நம்மவர் கதைக்கு வருகிறேன். 1910-இல் தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் அருகே ஹெர்மன் காலன்பாக் தனது 1,100 ஏக்கர் பண்ணையைச் சத்தியாகிரகிகளின் குடும்பங்களுக்குக் கொடுத்தார். அதுதான் டால்ஸ்டாய் பண்ணை. ஆரஞ்சு, ஆப்ரிகாட், பிளம்ஸ் என்று ஏறத்தாழ ஆயிரம் பழமரங்கள் அங்கே நின்றன. குடியிருந்தவர்களில் தமிழர்கள் நிறைய. பிள்ளைகளுக்குக் காந்தியே தனக்குத் தெரிந்த அளவில் தமிழ் சொல்லிக்கொடுத்தார். 1912-இல் அவரும் காலன்பாக்கும் பாலை விட்டார்கள். சீக்கிரமே பழ உணவுக்கு மாறினார்கள். வாழைப்பழம், பேரீச்சை, எலுமிச்சை, பச்சை நிலக்கடலை, ஆலிவ் எண்ணெய் ஆகியவைதான் சாப்பாடு. ஏழை எதை வாங்க முடியுமோ அதையே உண்பது என்ற எண்ணமும் அதில் இருந்தது.

1913-இல் அந்தப் பண்ணையில் வாழ்ந்திருந்த பதினோரு பெண்கள் போராட்டத்துக்குக் கிளம்பினார்கள். ஒருவரைத் தவிர எல்லோரும் தமிழ்ப் பெண்கள். ஆறு பேர் கையில் பால்குடிக் குழந்தை. நியூகாஸிலுக்குப் போய் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரிடம் பேசி வேலைநிறுத்தத்தைத் தூண்டியவர்கள் இவர்கள்தான். அக்டோபரில் கைதாகி மூன்று மாதக் கடுங்காவல் தண்டனை பெற்றார்கள். மாரிட்ஸ்பர்க் சிறையில் மட்டமான உணவும் துணி துவைக்கும் வேலையும் தரப்பட்டன. தென்னாப்பிரிக்கச் சத்தியாகிரகம் குறித்த தன் நூலில் காந்தி ஒரு செய்தி சொல்கிறார். குறிப்பிட்ட உணவு மட்டுமே உண்பதாக விரதம் பூண்ட ஒரு பெண் அந்தச் சிறையில் இருந்தார். பெரும்பாடுபட்டு அனுமதி வாங்கிய பிறகும் அவருக்குக் கிடைத்தது மனிதர் தின்னத் தகாத பொருள். ஆலிவ் எண்ணெய்கூடச் சிக்குப் பிடித்ததாகத்தான் வந்தது. விடுதலையாகி வெளியே வந்தபோது அவர் எலும்புக்கூடாக இருந்தார். அதே போராட்டத்தில் சிறை சென்ற 16 வயதுப் பெண் வள்ளியம்மை, காய்ச்சலோடு வெளியே வந்து 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தார்.

பழத்தோட்டத்துக்குள் ஓர் ஆண் செய்யும் உணவுச் சோதனையும் சிறைக்குள் ஒரு பெண் காக்கும் உணவு விரதமும் பெயரளவில் ஒன்றுதான். முதலாமவருக்கு ஆயிரம் மரம் இருந்தது. இரண்டாமவருக்குச் சிக்கெண்ணெய். காந்திக்கும் பழ உணவு நெடுநாள் கைகொடுக்கவில்லை. 1914-இல் லண்டனில் நுரையீரல் உறை அழற்சி வந்து படுத்தபோது கோகலே அவரை விட்டுவிடச் சொல்லி வற்புறுத்தினார். பின்னர் இந்தியாவில் கடும் வயிற்றுப்போக்கால் நலிந்து, பால் குடிக்க மாட்டேன் என்ற விரதத்தால் தேற முடியாமல் கிடந்தபோது வழி சொன்னவர் கஸ்தூர்பா. பசும்பாலும் எருமைப்பாலும்தானே வேண்டாம், ஆட்டுப்பால் குடிக்கலாமே என்றார். தத்துவம் முட்டிக்கொண்டு நின்ற இடத்தில் கொட்டகையில் கட்டியிருக்கும் ஆடு ஒரு பெண்ணின் கண்ணில்தான் பட்டது.

எங்கல்ஹார்ட் தேங்காயைத் தேடிக் கிழக்கே போவதற்கு எண்பது ஆண்டுகள் முன்பிருந்தே, தேங்காய் ஆசை காட்டப்பட்டு நம் மக்கள் கடல் கடந்துகொண்டிருந்தார்கள். சேலம், திருச்சி, மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து 1820-களில் தொடங்கிய பயணம் அது. முதலில் காப்பித் தோட்டம். 1869-க்குப் பின் இலைநோய் வந்து காப்பி அழிய, தேயிலைத் தோட்டம். ஆள் பிடிக்க வந்த கங்காணி சொன்னது மலையக மக்களிடம் இன்றும் வழங்குகிறது. கண்டிச் சீமைக்கு வாருங்கள், தேயிலைச் செடியின் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்பது அந்தப் பேச்சு. மாசி என்றால் மாலத்தீவுக் கருவாடு. பஞ்சத்தில் கிடந்தவருக்கு இதுதான் சொர்க்கம். மன்னாரில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தார்கள். வழியில் காலராவிலும் காய்ச்சலிலும் விழுந்தவர்களை விட்டுவிட்டு மற்றவர்கள் நடந்தார்கள்.

வெப்பநாட்டு வளம் குறித்த இரண்டு கனவுகள் இவை. வெள்ளைக்காரர் கண்ட கனவில் உழைப்பு இல்லை. நம்மவர் கண்ட கனவில் பசி இல்லை. முன்னவருக்குக் கனவு பொய்த்தால் திரும்பிப் போகக் கப்பலும் நாடும் இருந்தன. பின்னவருக்குத் துண்டு என்னும் கடன் கணக்கு இருந்தது.

என் அம்மா பிறந்தது மாத்தளைப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில். நான் சின்னவளாக இருந்தபோது இந்தத் தேங்காய்க் கதையைக் கேட்டேன். “தூருல எங்க புள்ள தேங்கா இருந்துச்சு? கடையிலதான் இருந்துச்சு. அதுவும் பேர்ல எழுதித்தான் வாங்கணும்” என்றார். ஆனால் சிலோன் என்றதும் அவர் முகம் மலர்வது பழத்தால்தான். பக்கத்துச் சிங்களக் கிராமத்து ஆச்சி கொடுத்த பலாச்சுளை, ஈரப்பலாக்காய் அவியல், மழைக்காலத்து மங்குஸ்தான். நாட்டைப் பற்றி அவரிடம் வேறு ஆவணம் இல்லை. நாக்கில் இருந்தது மட்டும் மிச்சம்.

1948-இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் அந்த மக்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தம் அவர்களைக் கணக்குப் போட்டுப் பிரித்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. கொழுந்து பறித்த பெண்களிடம் எங்கே போக விருப்பம் என்று யாரும் தனியாகக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. கணவன் விண்ணப்பம் எழுதிய நாட்டுக்கு மனைவி போனாள். தலைமன்னாரில் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். தாயகம் திரும்பியோர் என்பது அரசு வைத்த பெயர். அம்மாவுக்கு அது தாயகம் அல்ல, பாட்டி சொன்ன கதையில் வந்த ஊர்.

அவர்களுக்கு வேலை தருவதற்காகத் தமிழக அரசு 1968-இல் வனத்துறை மூலம் தேயிலை பயிரிடத் தொடங்கியது. 1976-இல் அது கழகமானது. நாங்கள் டேன்டீ என்போம். குந்தா, கோத்தகிரி, கூடலூர், பந்தலூர், வால்பாறை என்று காட்டை வெட்டித் தேயிலை நட்டார்கள். நட்டவர்களும் களை எடுத்தவர்களும் கொழுந்து பறித்தவர்களும் பெரும்பாலும் சிலோனிலிருந்து வந்த பெண்கள். படகரும் தோடரும் குறும்பரும் இருளரும் வாழ்ந்த மலையில் சிலோன்காரங்க என்ற புதுச் சொல் சேர்ந்தது. குந்தாவின் குளிரில் தென்னை வராது, மங்குஸ்தான் வராது. மஞ்சூர் சந்தையில் தேங்காய்க்கு விலை கேட்டு நிற்கும்போதெல்லாம் அம்மா இரண்டு நாட்டையும் ஒருசேரத் திட்டுவார்.

நீலகிரியில் பழத்தின் வரலாறே இடப்பெயர்ச்சியின் வரலாறுதான். 1820-களில் ஊட்டியில் வீடு கட்டிய கலெக்டர் ஜான் சல்லிவன் தன் தோட்டத்தில் ஐரோப்பியப் பழங்களையும் காய்களையும் வளர்த்தார். வெப்பநாட்டுக்கு வந்து வெப்பத்துக்குப் பயந்து மலையேறி, தம் ஊர்ப் பழத்தைத் தின்ன ஆசைப்பட்டார்கள். இன்று எங்கள் வீட்டுப் பின்கட்டில் நிற்கும் பேரியும் பிளம்ஸும் பீச்சும் அந்த ஆசையின் வாரிசுகள். மலையின் சொந்தப் பழங்களான தவுட்டுப்பழமும் விக்கிப்பழமும் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பாவாடை மடியில் மட்டும் வாழ்ந்தன. அடிவாரத்தில் பர்லியார் தோட்டத்தை 1871-இல் அரசு எடுத்துக்கொண்டது. 1900-இல் கல்லாறு பழப்பண்ணை வந்தது. மலேயாப் பக்கத்து மங்குஸ்தானும் துரியனும் அங்கே காய்த்தன.

பழத்துக்காகவே ஆண்டுதோறும் இடம்பெயர்பவர் எங்கள் மலையில் ஒருவர் உண்டு. அவர் யானை. பலாப்பருவத்தில் மேட்டுப்பாளையம் காட்டிலிருந்து குன்னூர்ச் சரிவுக்கு ஏறிவருவார். கெத்தைப் பக்கமும் வருவார். அதனால் வீட்டோரத்துப் பலாவைப் பிஞ்சிலேயே வெட்டிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். தண்ணீருக்கும் விறகுக்கும் அதிகாலையில் வெளியே போகிறவள் பெண். பழுத்த பலாவின் வாசனை அவளுக்குப் பயத்தின் வாசனை. வெப்பநாட்டில் பழத்தோடு வாழ்வது என்றால் இதுவும் சேர்ந்ததுதான்.

இன்னொரு கூட்டமும் பழத்துக்காக வருகிறது. ஜூன், ஜூலை ஆனால் துரியன் பழத்துக்காகப் பர்லியாருக்கும் கல்லாறுக்கும் பெண்கள் வருகிறார்கள். துரியன் தின்றால் குழந்தை பிறக்கும் என்ற நம்பிக்கை. அதற்கு மருத்துவச் சான்று கிடையாது. இருந்தும் வெளியூரிலிருந்து பஸ் பிடித்து, ஒரு பழத்துக்கு நூற்றுக்கணக்கில் கொடுத்து, அதன் நாற்றத்தைச் சகித்துத் தின்கிறார்கள். எனக்கு அவர்களைப் பார்த்து ஏளனம் செய்யத் தோன்றுவதில்லை. கணவனின் விந்தணுவைச் சோதிக்கச் சொல்ல வாயில்லாத வீட்டிலிருந்து வருகிற பெண்ணுக்கு, கேள்வி கேட்காமல் கிடைக்கும் மருந்து இந்தப் பழம் ஒன்றுதான். குறை யாரிடம் என்று தெரியாத நோய்க்கு அவள் மட்டும் பழம் தின்கிறாள்.

தமிழ் இலக்கியத்தில் பழத்தால் வீடுவிட்டுப் போனவர்கள் இருவர். பழம் கிடைக்காத கோபத்தில் மலையேறியவர் முருகன். அவருக்கு ஊர் உண்டு, கோயில் உண்டு, தேர் உண்டு. இன்னொருவர் காரைக்கால் அம்மையார். பெரியபுராணம் சொல்லும் கதை எல்லோருக்கும் தெரியும். கணவன் கொடுத்தனுப்பிய இரண்டு மாம்பழத்தில் ஒன்றைப் பசித்துவந்த அடியாருக்குப் படைத்தார். மற்றதைக் கணவனுக்கு வைத்தார். அது சுவையாக இருந்ததால் கணவன் இரண்டாவதையும் கேட்டான். இறைவனை வேண்ட இன்னொரு பழம் வந்தது. அதையும் அவனே தின்றான். அந்தச் சுவை வேறாக இருந்ததால் கேள்வி வந்தது, அச்சம் வந்தது, அவன் வேறூர் போய் வேறொரு பெண்ணை மணந்தான். அவர் தன் உடலின் தசையை உதறிப் பேயுருக் கொண்டார். வகுப்பில் இந்தப் பகுதியை நடத்தும்போது மாணவிகளிடம் ஒரு கேள்வி கேட்பேன். இத்தனை மாம்பழம் வருகிற இந்தக் கதையில் புனிதவதி எத்தனை தின்றார்? வகுப்பு சற்று நேரம் அமைதியாக இருக்கும்.

நம் வீடுகளிலும் மாம்பழம் அறுப்பவள் அம்மா. கன்னம் இரண்டும் அப்பாவுக்கும் பிள்ளைகளுக்கும் போகும். கொட்டை அம்மாவுக்கு. அவளுக்குக் கொட்டைதான் பிடிக்கும் என்றும் சொல்லிக்கொள்வோம்.

இப்போது மறுபடியும் பழநாட்டுக் கனவு சுற்றத் தொடங்கியிருக்கிறது. கோஸ்டா ரிகா, ஈக்வடார், தாய்லாந்து, பாலி என்று வெள்ளையர் போய்க் குடியேறுகிறார்கள். காலையில் தர்பூசணி, மதியம் பத்து வாழைப்பழம், மாலையில் மாம்பழம் என்று வாழ்வதைப் படமெடுத்துப் போடுகிறார்கள். டாலரில் வரும் பணத்தை வைத்துக்கொண்டு கூலி குறைந்த நாட்டில் பழம் வாங்குகிறார்கள். அந்தப் பழம் மலிவாக இருப்பது மண்ணின் கருணையால் மட்டுமல்ல, பறிப்பவரின் கூலியாலும்தான். படத்தில் பழக்கூடை தெரியும். கூடையைச் சுமந்துவந்த பெண் தெரிவதில்லை.

அந்தப் படங்கள் குந்தாவுக்கும் வந்துசேர்கின்றன. நான் பாடம் நடத்தும் கல்லூரியில் ஒரு மாணவி வகுப்பிலேயே மயங்கி விழுந்தாள். தண்ணீர் தெளித்து உட்காரவைத்து, காலையில் என்ன சாப்பிட்டாய் என்றேன்.

“பப்பாளி, மேம்.”

“நேத்து ராத்திரி?”

“அதுவும் பப்பாளிதான். பத்து நாளா பழம் மட்டும்தான் மேம். உடம்பு சுத்தமாகும்னு போட்டிருந்தாங்க.”

“அம்மாகிட்ட சொன்னியா?”

“அம்மா காலைல அஞ்சரைக்கே வேலைக்குப் போயிடும் மேம். டிபன் பாக்ஸ்ல வெச்சுட்டுப் போற சோத்த நான் நாய்க்குப் போட்டுடுவேன்.”

சுகாதார நிலையத்தில் இரத்தம் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் 8 கிராம்கூட இல்லை. அந்தப் பெண்ணின் தாய் அன்றாடம் கொழுந்து பறித்து வாங்கிய அரிசி அது. அதை நாய் தின்றது. மகள் பாலித் தீவின் அழகியைப் போல ஆக ஆசைப்பட்டாள். அவளைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. ஒல்லியாக இரு, வெள்ளையாக இரு, சுத்தமாக இரு என்று அவளிடம் எத்தனை பேர் எத்தனை விதமாகச் சொல்லியிருப்பார்கள். பழம் அதில் கடைசியாக வந்த குரல். உடம்பு அழுக்கு என்று முதலில் அவளை நம்பவைத்தவர்கள் யார் என்பதுதான் என் கேள்வி.

இதில் அறிவியல் எளிமையானது. பழத்தில் வைட்டமின் பி12 கிடையாது. புரதம் மிகக் குறைவு. இரும்புச்சத்தும் போதாது. மாதந்தோறும் இரத்தம் இழக்கும் உடலுக்கு அது தாங்காது. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை என்கிறது. தமிழ்நாட்டில் 53 விழுக்காடு. பாதிக்கு மேல் சோர்ந்து நிற்கும் பெண்களிடம், இன்னும் குறைத்துத் தின்னுங்கள் என்று சொல்லும் எந்த வாழ்க்கைமுறையும் நமக்கு விடுதலை ஆகாது.

அதற்காகப் பழத்தை விட்டுவிடச் சொல்லவில்லை. நம் தட்டில் பழம் போதாது என்பதுதான் உண்மை. ஒருவருக்கு நாளைக்கு 100 கிராம் பழம் வேண்டும் என்கிறது தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். ஒரு கொய்யா. அந்த ஒரு கொய்யாவை, வீட்டில் எல்லோரும் தின்ற பிறகு மிஞ்சினால் என்று இல்லாமல், தன் பங்காக எடுத்துத் தின்னும் பெண்கள் எத்தனை பேர்? சோறும் பருப்பும் கீரையும் முட்டையும் மீனும் தின்று, அதோடு பழமும் தின்பது. அது எந்தத் தீவுக்கும் போகாமல் கேட்கக்கூடிய உரிமை.

எங்கல்ஹார்ட் எழுதியது நூலாக இருக்கிறது. டோராவின் நூல் இருக்கிறது. காந்தியின் உணவுச் சோதனைகள் அவர் எழுத்தில் இருக்கின்றன. கபகோனில் மட்டை உரித்தவர்களும், மன்னார்க் காட்டில் நடந்தவர்களும், குந்தாவில் தேயிலை நட்டவர்களும் எழுதவில்லை. அவர்களில் கடைசிக் கூட்டத்தைச் சேர்ந்த பெண்கள் சிலர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். வயது எழுபது, எண்பது. இதைப் படிக்கும் மாணவிகள் இந்த விடுமுறையில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உங்கள் பாட்டியிடம் போய் உட்காருங்கள். எந்த ஊரில் பிறந்தீர்கள் என்று கேட்டால் பாட்டி சுருக்கமாகச் சொல்லிவிடுவார். சின்ன வயதில் என்ன பழம் தின்றீர்கள், யார் பறித்தார்கள், யார் அறுத்தார்கள், உங்களுக்கு எந்தத் துண்டு கிடைத்தது என்று கேளுங்கள். ஊர், தோட்டம், கூலி, சாதி, கணவன், கப்பல் எல்லாம் அதன் பின்னே வரும். வருகிற வரிசையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். தேதி தெரியாவிட்டால் பரவாயில்லை, எந்தப் பழத்தின் பருவம் என்று குறித்துக்கொள்ளுங்கள். போகும்போது பழம் வாங்கிப் போங்கள். நீங்களே அறுத்து, முதல் துண்டை அவர் கையில் கொடுங்கள்.